பாதி வானில் நின்றுபோன என்ஜின்
காரணத்தைக் கண்டுபிடித்த பீட்ரிஸ் ஷில்லிங்கின் கதை

1940-ம் ஆண்டு. இரண்டாம் உலக யுத்தம் உச்சத்தில் இருந்த சமயம். இங்கிலாந்தின் ஆகாயத்தில் பிரிட்டிஷ் விமானங்களும் ஜெர்மன் விமானங்களும் ஒன்றை ஒன்று துரத்திச் சுட்டுக்கொண்டிருந்தன.

ஒரு பிரிட்டிஷ் விமானி எதிரியின் வாலைப் பிடித்துவிடுகிறார். இன்னும் சில விநாடிகளில் எதிரி விழுந்துவிடுவான். அப்போது ஜெர்மன் விமானம் சட்டென்று மூக்கைக் கீழே தாழ்த்திப் பாதாளத்தை நோக்கிப் பாய்கிறது. பிரிட்டிஷ் விமானியும் அதேபோலத் தம் விமானத்தின் மூக்கைத் தாழ்த்துகிறார்.

மறுகணம், அவருடைய என்ஜின் இருமுகிறது, திணறுகிறது. கரும்புகை கக்குகிறது. நின்றே போய்விடுகிறது!

சில விநாடிகளில் மறுபடியும் ஓட ஆரம்பித்துவிடும். ஆனால் ஆகாயப் போரில் சில விநாடி என்பது ஓர் ஆயுள். அதற்குள் துரத்தப்பட்டவன் தப்பிவிடுவான். துரத்தப்படுவது பிரிட்டிஷ் விமானியாக இருந்தாலோ, அவர் கதை முடிந்துவிடும்.

பிரிட்டனின் புகழ் பெற்ற ஸ்பிட்ஃபயர், ஹரிகேன் ஆகிய இரண்டு போர் விமானங்களிலும் இந்தக் கோளாறு இருந்தது. இதற்குச் சட்டென்று ஒரு பரிகாரம் தேவைப்பட்டது. அதைக் கண்டுபிடித்தவர் ஒரு பெண்மணி. கசாப்புக் கடைக்காரர் ஒருவரின் மகள். மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் ஆண்களைத் தோற்கடித்தவர். அவர் பெயர் பீட்ரிஸ் ஷில்லிங்.

அவர் கொண்டுவந்த பரிகாரம், நடுவில் துளையிட்ட சின்னஞ்சிறு பித்தளைத் துண்டு!

பொம்மை கேட்காத சிறுமி

பீட்ரிஸ் 1909-ம் ஆண்டு மார்ச் மாதம் 8-ந் தேதி, தெற்கு இங்கிலாந்தில் வாட்டர்லூவில் என்ற ஊரில் பிறந்தார்.

சிறுமியாக இருந்தபோதே அவளுக்குப் பொம்மைகளில் ஆசை கிடையாது. கைச்செலவுக்குக் கிடைக்கும் காசைச் சேர்த்து வைத்து, கைக்கருவிகள், பசை என்று வாங்கி வருவாள். அந்தக் காலத்தில் 'மெக்கானோ' என்ற விளையாட்டுச் சாமான் பிரபலம். சிறு சிறு இரும்புப் பட்டைகளைத் திருகாணி போட்டு இணைத்துப் பாலம், வண்டி, இயந்திரம் என்று விதவிதமாகச் செய்யலாம். பீட்ரிஸ் அதைக் கொண்டு ஒரு ராட்டை செய்தாள். அதற்குப் போட்டியில் பரிசும் கிடைத்தது.

பதினான்காம் வயதில் ஒரு பழைய 'ராயல் என்ஃபீல்ட்' மோட்டார் சைக்கிளை வாங்கினாள். ஓட்டுவதற்கு மட்டுமா? பிரித்துப் போட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்து, மறுபடியும் பூட்டுவதற்கும்தான். எதிர்காலத்தில் என்னவாகப் போகிறோம் என்பதை அந்த வயதிலேயே முடிவு செய்துவிட்டாள். என்ஜினீயர்!

பெண்கள் என்ஜினீயர் ஆவது அந்த நாளில் இங்கிலாந்திலும் அபூர்வம். ஆனால் அந்தப் பெண்ணின் அதிர்ஷ்டம், மார்கரெட் பார்ட்ரிட்ஜ் என்ற ஒரு பெண்மணி கிடைத்தார். அவர் டெவன் மாவட்டத்தில் மின்சார வேலைக் கம்பெனி ஒன்றைச் சொந்தமாக நடத்தி வந்தார். கிராமங்களில் மின்சார யந்திரம் நிறுவுவது, வீடுகளுக்குக் கம்பி இழுத்து விளக்குப் போடுவது ஆகியவை அவர் தொழில். பள்ளிப் படிப்பு முடிந்ததும் பீட்ரிஸ் அவரிடம் வேலை பழகச் சேர்ந்தாள். சுவரில் துளை போட்டாள், கம்பி இழுத்தாள், யந்திரங்களுக்கு எண்ணெய் போட்டாள்.

கை வேலை தெரிந்தால் மட்டும் போதாது, முறைப்படி படிக்கவும் வேண்டும் என்று ஊக்கம் கொடுத்தவரும் பார்ட்ரிட்ஜ் அம்மையார்தான். 1929-ல் பீட்ரிஸ் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் மின்சார என்ஜினீயரிங் படிக்கச் சேர்ந்தார். அந்த வகுப்பில் அவரைத் தவிர இன்னும் ஒரே ஒரு பெண்தான். 1932-ல் பட்டம் பெற்றார். மேலும் ஓர் ஆண்டு இருந்து இயந்திரப் பொறியியலில் எம்.எஸ்சி. பட்டமும் வாங்கினார்.

அப்போது உலகெங்கும் பொருளாதார மந்தம். ஆண்களுக்கே வேலை கிடைக்காத காலம். பீட்ரிஸ் சோர்ந்துவிடவில்லை. பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் என்ஜின் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஒரு பேராசிரியருக்கு உதவியாளராகச் சேர்ந்தார். ஒற்றைச் சிலிண்டர் என்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பினால் என்ன ஆகிறது என்பதுதான் ஆராய்ச்சி. என்ஜின் எப்படி மூச்சு விடுகிறது என்பதை அங்கேதான் அவர் நன்றாகத் தெரிந்துகொண்டார்.

தங்க நட்சத்திரம்

லண்டனுக்கு அருகே புரூக்லாண்ட்ஸ் என்ற பந்தய மைதானம் இருந்தது. மோட்டார் பந்தயத்துக்கென்றே 1907-ல் கட்டப்பட்டது. அதன் வளைவுகள் கிண்ணத்தின் ஓரத்தைப் போலச் சரிந்து உயர்ந்திருக்கும். அதில் வேகமாகச் சுற்றுவதற்கு அசாத்தியத் துணிச்சல் வேண்டும்.

பந்தயத்தின்போது ஒரு சுற்றையாவது மணிக்கு 100 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் முடிக்கும் மோட்டார் சைக்கிள் வீரருக்கு அங்கே 'தங்க நட்சத்திரம்' என்ற சின்னத்தை அளிப்பார்கள். 1934-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம், பீட்ரிஸ் தமது 500 சி.சி. 'நார்ட்டன்' மோட்டார் சைக்கிளில் மணிக்கு 106 மைல் வேகத்தில் சுற்றி வந்தார். நம் கணக்கில் 170 கிலோ மீட்டர்! மோட்டார் சைக்கிளில் அந்தச் சின்னத்தைப் பெற்ற பெண்கள் மூன்றே மூன்று பேர். அவர்களில் ஒருவர் பீட்ரிஸ்.

அந்த வண்டி கடையில் வாங்கியபடியே ஓடியது அல்ல. பீட்ரிஸ் தாமே அதைப் பிரித்து, பல மாறுதல்கள் செய்து, வேகத்தைக் கூட்டியிருந்தார். ஓட்டுபவரும் அவரே, மெக்கானிக்கும் அவரே.

பீட்ரிஸின் கல்யாணத்தைப் பற்றியும் ஒரு சுவையான கதை உண்டு. ஜார்ஜ் நெய்லர் என்ற என்ஜினீயர் அவரை விரும்பினார். அவரும் மோட்டார் சைக்கிள் பிரியர். நீங்களும் தங்க நட்சத்திரம் வாங்கி வந்தால்தான் கல்யாணம் என்று பீட்ரிஸ் நிபந்தனை போட்டதாகச் சொல்வார்கள். கதை எப்படியோ, 1938-ல் இருவருக்கும் விவாகம் நடந்தது. கடைசி வரை இருவரும் வண்டிகளைப் பிரிப்பதிலும் பூட்டுவதிலும் ஒருவருக்கொருவர் துணையாக வாழ்ந்தார்கள்.

கையேடு எழுதும் உத்தியோகம்

1936-ல் பீட்ரிஸுக்கு ஃபார்ன்பரோ என்ற ஊரில் இருந்த அரசாங்க விமான ஆராய்ச்சி நிலையத்தில் வேலை கிடைத்தது. என்ன வேலை? விமான என்ஜின்களைப் பற்றிக் கையேடு எழுதும் வேலை! என்ஜினைத் தொட்டுப் பழகியவரை மேஜை முன் உட்கார வைத்தால் எப்படி இருக்கும்? விடாமல் முயன்று, என்ஜின் ஆராய்ச்சிப் பிரிவுக்கு மாறினார். யுத்தம் தொடங்கிய 1939-லேயே, கார்புரேட்டர் ஆராய்ச்சிக்கு அவர் பொறுப்பாளர் ஆகிவிட்டார்.

கார்புரேட்டர் என்றால் என்ன? பழைய மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டர் வைத்திருந்த குடும்பங்களுக்கு அதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பெட்ரோலையும் காற்றையும் சரியான அளவில் கலந்து என்ஜினுக்கு ஊட்டும் கருவி அது. சமையலில் உப்பும் புளியும் அளவாக இருக்க வேண்டும் அல்லவா? அதைப்போலத்தான். ஒரு கிலோ பெட்ரோல் எரிவதற்குச் சுமார் 15 கிலோ காற்று வேண்டும். பெட்ரோல் குறைந்தால் என்ஜின் பட்டினியால் நிற்கும். பெட்ரோல் மிகுந்தால் மூச்சு முட்டி நிற்கும்.

கார்புரேட்டரின் பக்கத்தில் ஒரு சிறு தொட்டி உண்டு. அதில் பெட்ரோல் எப்போதும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். அதற்காக உள்ளே ஒரு மிதவை வைத்திருப்பார்கள். நம் வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குள் ஒரு பந்து மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் ஏறினால் பந்து உயர்ந்து குழாயை அடைத்துவிடும். தண்ணீர் இறங்கினால் பந்தும் இறங்கிக் குழாயைத் திறந்துவிடும். கார்புரேட்டர் மிதவை செய்வதும் இதே வேலைதான்.

தரையில் ஓடும் வண்டிக்கு இது அருமையான ஏற்பாடு. ஆகாயத்தில் குட்டிக்கரணம் போடும் விமானத்துக்கு?

கோளாறு எங்கே?

திருவிழா ராட்டினம் உச்சியிலிருந்து விசுக்கென்று இறங்கும்போது வயிறு மேலே எழும்புவதுபோல் இருக்கும். பஸ் வேகமாக மேட்டில் ஏறி இறங்கும்போதும் அப்படித்தான். விமானம் சட்டென்று மூக்கைத் தாழ்த்தும்போது அதே அனுபவம் பல மடங்கு ஏற்படும். விமானி ஆசனத்தை விட்டு மேலே எழும்புவார். இடுப்பில் கட்டியிருக்கும் வார்தான் அவரைப் பிடித்து நிறுத்தும்.

விமானிக்கு ஏற்படுவதுதானே பெட்ரோலுக்கும் ஏற்படும்? கார்புரேட்டர் தொட்டியின் அடியில் இருக்க வேண்டிய பெட்ரோல் மேலே எழும்பி மூடியில் ஒட்டிக்கொள்ளும். என்ஜினுக்குப் பெட்ரோல் எடுத்துச் செல்லும் துளையோ அடியில் இருக்கிறது. துளைக்குப் பெட்ரோல் கிடைக்காது. என்ஜின் பட்டினியால் இருமும். இது முதல் தடுமாற்றம். ஒரு விநாடிதான் நீடிக்கும்.

ஆபத்து அதற்கு அடுத்த கட்டத்தில் இருந்தது. பெட்ரோல் இடம் மாறியதால் மிதவையின் புத்தியும் மாறிவிடும். தொட்டி காலி என்று நினைத்து வழியை அகலத் திறந்துவிடும். பின்னால் இருக்கும் பம்ப்போ பெட்ரோலை முழு வேகத்தில் தள்ளிக்கொண்டிருக்கிறது. என்ஜினுக்குத் தேவையானதைவிட மிக அதிகமாகத் தள்ளும் சக்தி அந்தப் பம்ப்புக்கு உண்டு. கார்புரேட்டர் நிரம்பி வழிந்து, வெள்ளம் போலப் பெட்ரோல் என்ஜினுக்குள் பாயும். எரிய முடியாமல் கரும்புகையாக வெளிவரும். என்ஜின் நின்றுவிடும்.

ஆயிரம் குதிரைச் சக்திக்கு மேல் கொண்ட, பன்னிரண்டு சிலிண்டர் 'மெர்லின்' என்ஜின்! ரோல்ஸ்-ராய்ஸ் கம்பெனியின் பெருமை. அது ஒரு மிதவையின் தவறான கணக்கால் முடங்கிப் போயிற்று.

ஜெர்மன் விமானங்களில் கார்புரேட்டரே இல்லை. பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீச்சும் கருவி இருந்தது. ஆகையால் அவர்கள் தலைகீழாகப் பாய்ந்தாலும் என்ஜின் நிற்காது. இது தெரிந்தே அவர்கள் மூக்கைத் தாழ்த்தித் தப்பினார்கள். பிரிட்டிஷ் விமானிகள் முதலில் விமானத்தைப் பாதி உருட்டிப் பிறகு பாய்ந்தார்கள். அப்படிச் செய்தால் பெட்ரோல் தொட்டியின் அடியிலேயே தங்கும். ஆனால் உருட்டும் நேரத்தில் எதிரி வெகுதூரம் போய்விடுவான்.

காசளவு பித்தளை

ஜெர்மானியர்களைப் போலப் புதிய கருவி செய்யலாமே என்று கேட்கலாம். செய்யலாம்தான். ஆனால் அதற்குப் பல மாதங்கள், ஏன், ஆண்டுகளே ஆகும். அதுவரை விமானிகளின் கதி?

பீட்ரிஸ் வேறு விதமாக யோசித்தார். மிதவை ஏமாறுவதை உடனே தடுக்க முடியாது. சரி, அது ஏமாறட்டும். வழியை அகலத் திறக்கட்டும். ஆனால் அந்த வழியாக வரும் பெட்ரோலின் அளவுக்கு ஓர் உச்சவரம்பு கட்டிவிட்டால்?

என்ஜின் முழுச் சக்தியுடன் ஓடும்போது எவ்வளவு பெட்ரோல் குடிக்கும் என்பதைக் கணக்கிட்டார். அந்த அளவு மட்டும் போகக்கூடிய ஒரு துளையைப் பித்தளைத் துண்டில் போட்டார். கார்புரேட்டருக்கு வரும் பெட்ரோல் குழாயில் அதைச் செருகினார். துளை சிறிது பெரிதானால் வெள்ளம் நிற்காது. சிறிது சிறிதானால் முழு வேகத்தில் என்ஜின் பட்டினி கிடக்கும். அந்தத் துளையின் அளவில்தான் அவருடைய சாமர்த்தியம் முழுவதும் அடங்கியிருந்தது.

பார்ப்பதற்கு முதலில் தையற்காரரின் விரலுறை போன்றும், பிறகு வெறும் தட்டை வளையமாகவும் அது செய்யப்பட்டது. காசளவுதான் இருக்கும். விமானத்தைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை. நிற்கும் இடத்திலேயே பூட்டிவிடலாம்.

1941 மார்ச்சு முதல் பீட்ரிஸ் ஒரு சிறு குழுவுடன் விமானப் படைத்தளங்களுக்குச் சென்று இந்த வளையத்தைப் பூட்ட ஏற்பாடு செய்தார். விமானிகளுக்கு அளவில்லாத மகிழ்ச்சி. ஷில்லிங் என்பது பிரிட்டனில் அன்று புழங்கிய ஒரு நாணயத்தின் பெயரும் அல்லவா? ஆகவே காசு போன்ற அந்த வளையத்துக்கு 'மிஸ் ஷில்லிங்கின் துளை' என்று வேடிக்கையாகப் பெயர் வைத்துவிட்டார்கள். அவருக்குக் கல்யாணமாகி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன என்பதை யாரும் லட்சியம் செய்யவில்லை!

ஒரு விஷயத்தை இங்கே தெளிவாகச் சொல்ல வேண்டும். 1940-ல் நடந்த 'பிரிட்டன் போரை' இந்த வளையம்தான் ஜெயித்துக் கொடுத்தது என்று சிலர் எழுதுவதுண்டு. அது சரியல்ல. வளையம் வந்தது அந்தப் போர் முடிந்த பிறகு. மேலும் அது முழுமையான பரிகாரமும் அல்ல. விமானம் வெகு நேரம் தலைகீழாகப் பறந்தால் என்ஜின் நிற்கத்தான் செய்யும். புதிய வகைக் கார்புரேட்டர்கள் பின்னால் வந்த பிறகுதான் தொல்லை அடியோடு தீர்ந்தது. ஆனால் அதுவரை ஒவ்வொரு நாளும் பறந்துகொண்டிருந்த விமானிகளுக்கு, பாய்ந்தாலும் என்ஜின் நிற்காது என்ற தைரியத்தைக் கொடுத்தது அந்தச் சிறு துண்டுதான். ஜார்ஜ் நெய்லரும் யுத்தத்தில் குண்டு வீச்சு விமானம் ஓட்டியவர். புறப்பட்டுப் போன விமானம் திரும்பி வருமா என்று காத்திருப்பதன் வேதனை பீட்ரிஸுக்குத் தெரியாததல்ல.

மாற்றி அமைத்த கார்

யுத்தம் முடிந்தது. பீட்ரிஸுக்கு அரசாங்கம் ஓ.பி.இ. விருது அளித்துக் கௌரவித்தது. ராக்கெட் ஆராய்ச்சி, மழையில் நனைந்த ஓடுபாதையில் விமானத்தின் பிரேக் எப்படிப் பிடிக்கும் என்ற ஆராய்ச்சி என்று அவர் வேலை தொடர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில்? பந்தயம்தான்! மோட்டார் சைக்கிளை விட்டு இப்போது காருக்கு வந்திருந்தார். கணவனும் மனைவியுமாக ஒரு 'லகோண்டா ரேப்பியர்' காரை எடுத்து, அடையாளம் தெரியாத அளவுக்கு மாற்றி அமைத்தார்கள். பிறகு, 1959 முதல் சில ஆண்டுகள், 'ஆஸ்டின்-ஹீலி ஸ்பிரைட்' என்ற குட்டிப் பந்தயக் காரில் போட்டியிட்டார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய அந்த அம்மையார் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு காரை விரட்டியதைக் கண்டு ஜனங்கள் வியந்தார்கள்.

இங்கே ஓர் அதிசயப் பொருத்தம். ஸ்பிரைட் காரில் இருந்தவை 'எஸ்.யு.' என்ற கம்பெனியின் இரண்டு கார்புரேட்டர்கள். மெர்லின் விமான என்ஜினில் இருந்ததும் அதே எஸ்.யு. கார்புரேட்டர்தான்!

வேகத்துக்காக மாற்றி அமைத்த கார்களுக்குப் பொதுவான ஒரு வியாதி உண்டு. பாய்ந்து ஓடும்போது புலி. நின்றால் பூனை. காலை எடுத்தவுடன் குலுங்கும், தடுமாறும், அணைந்துவிடும். கார் நிற்கும்போது என்ஜின் மெதுவாக ஓடிக்கொண்டிருப்பதை மெக்கானிக்குகள் 'ஐட்லிங்' என்பார்கள். மாற்றிய காரில் முதலில் கெடுவது இந்த ஐட்லிங்தான்.

ஏன்? வேகம் வேண்டும் என்பதற்காக வால்வுகள் அதிக நேரம் திறந்திருக்கும்படி செய்கிறார்கள். கார்புரேட்டரின் வாயைப் பெரிதாக்குகிறார்கள். வேகமாக ஓடும்போது இது நல்லது. மெதுவாக ஓடும்போதோ, உள்ளே போகும் காற்றுக்கு விசை போதாது. எரிந்த புகையும் புதுக் காற்றும் கலந்துவிடும். என்ஜின் திணறும்.

அனுபவமில்லாதவர் உடனே திருப்புளியை எடுத்துக் கார்புரேட்டர் திருகாணிகளை இஷ்டம்போல் திருகுவார். ஒரு கோளாறு நான்காகும். அனுபவசாலி வரிசையாகப் பார்ப்பார்.

முதலில் தீப்பொறி சரியாக வருகிறதா, வால்வு இடைவெளி சரியா என்று பார்ப்பார். பிறகு கார்புரேட்டரும் என்ஜினும் சேரும் இடத்தில் எங்காவது திருட்டுக் காற்று நுழைகிறதா என்று சோதிப்பார். அடுத்து மிதவைத் தொட்டியில் பெட்ரோல் மட்டம். அப்புறம் இரண்டு கார்புரேட்டர்களும் சமமாக மூச்சு விடுகின்றனவா என்று பார்க்க வேண்டும். அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு ரப்பர் குழாய் போதும். ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு கார்புரேட்டரின் வாயிலும் பிடித்தால் 'உஸ்' என்ற சத்தம் கேட்கும். இரண்டு சத்தமும் ஒன்றுபோல் இருக்கும்வரை சரிசெய்ய வேண்டும்.

கடைசியில்தான் கலவை. எஸ்.யு. கார்புரேட்டருக்குள் காற்றின் விசைக்கு ஏற்ப ஏறி இறங்கும் ஒரு பிஸ்டன் உண்டு. என்ஜின் ஓடும்போது அதை ஒரு மில்லி மீட்டர் அளவு மெல்லத் தூக்கிப் பார்க்க வேண்டும். என்ஜின் வேகம் ஏறி அப்படியே நின்றால், பெட்ரோல் அதிகம் என்று அர்த்தம். உடனே வேகம் விழுந்தால் பெட்ரோல் குறைவு. ஒரு கணம் சிறிதே ஏறிப் பழைய நிலைக்கு வந்தால், கலவை சரி.

அதிகமா, குறைவா? எங்கே, எப்போது? ஆகாயத்தில் மெர்லின் என்ஜின் கேட்டதும், தரையில் குட்டிக் கார் கேட்பதும் இதே கேள்விதான். பீட்ரிஸ் தம் வாழ்நாள் முழுவதும் இந்தக் கேள்விக்குத்தான் பொறுமையாகப் பதில் தேடினார்.

உலகப் பந்தயத்திலிருந்து வந்த அழைப்பு

1967-ல் அமெரிக்கப் பந்தய வீரர் டான் கர்னி, தமது சொந்தக் காரான 'ஈகிள்' என்பதில் உலகப் போட்டிகளில் கலந்துகொண்டிருந்தார். கார் அழகு. வேகம் அபாரம். ஆனால் என்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகியது. காரணத்தைக் கண்டுபிடிக்க யாரைக் கூப்பிடலாம் என்று யோசித்தவர்கள், 58 வயதான பீட்ரிஸ் ஷில்லிங்கை அழைத்தார்கள். யுத்த காலத்து விமானத்துக்கு வைத்தியம் செய்தவரிடம், பந்தயக் காருக்கும் வைத்தியம் கேட்டார்கள். கோளாறு என்றால் ஷில்லிங்கைக் கேள் என்னும் அளவுக்குப் பெயர் எடுத்திருந்தார் அவர்.

1969-ல் ஃபார்ன்பரோ நிலையத்திலிருந்து ஓய்வு பெற்றார். 33 ஆண்டு சேவை! அதே ஆண்டு சரே பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. 1990-ம் ஆண்டு நவம்பர் 18-ந் தேதி, தமது 81-ம் வயதில் அவர் காலமானார்.

அவர் வாங்கிய பந்தயச் சின்னங்களையும் கோப்பைகளையும் 2015-ல் புரூக்லாண்ட்ஸ் அருங்காட்சியகம் வாங்கிப் பாதுகாத்து வருகிறது. லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராயல் ஹாலோவே கல்லூரியில் மின்னணுப் பொறியியல் கட்டடத்துக்கு 2018-ல் அவர் பெயரைச் சூட்டினார்கள். அந்த வாசல் வழியாக இளம் பெண்கள் பலர் பொறியியல் படிக்கப் போய் வருகிறார்கள். மான்செஸ்டர் வகுப்பில் இரண்டே பெண்களில் ஒருவராக உட்கார்ந்திருந்தவருக்கு இதைவிடப் பொருத்தமான நினைவுச் சின்னம் வேறு என்ன வேண்டும்?

இப்போது புதிய கார்களிலும் மோட்டார் சைக்கிள்களிலும் பெட்ரோலை அளந்து பீச்சும் வேலையைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. கார்புரேட்டர் பழம்பொருளாகி வருகிறது. ஆனாலும் பீட்ரிஸ் காட்டிய வழி பழசாகிவிடவில்லை. எவ்வளவு பெரிய இயந்திரம் நின்றாலும் பதற்றப்படாமல், எங்கே ஆரம்பித்தது என்று ஒவ்வொரு படியாகப் பின்னோக்கிப் போய்ப் பார்க்க வேண்டும். காரணம் தெரிந்துவிட்டால் பரிகாரம் காசளவில் கூட இருக்கும்.

உங்கள் வீட்டிலும் ஒரு சிறுமி, பொம்மையை வைத்துவிட்டுப் பழைய கடிகாரத்தைப் பிரித்துக்கொண்டிருக்கலாம். அவளை அதட்டாதீர்கள். ஒரு திருப்புளி வாங்கிக் கொடுங்கள்!